முதுகுத் தண்ணியில இருக்கிற ஹார்மோன், வயசானா கூடுமா குறையுமா?

வயசானா ஹார்மோன் எல்லாம் குறைஞ்சிடும்னு பொதுவா ஒரு பேச்சு இருக்கு, அது பெரும்பாலும் ரத்த டெஸ்டை வச்சு வந்த பேச்சு. ஆனா மூளை நேரா ரத்தத்துல நனைஞ்சுக்கிட்டு இல்ல. அதைச் சுத்தியும் அதுக்கு உள்ளேயும் தனியா ஒரு திரவம் ஓடுது, மூளைத் தண்டுவட திரவம்னு புத்தகத்துல போடுவாங்க, டாக்டர்ங்க சுருக்கமா சிஎஸ்எஃப்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல "முதுகுல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க"ன்னு சொல்றோமே அந்த தண்ணிதான். அதுல இருக்கிற பெப்டைட் ஹார்மோன் அளவு வயசோட எப்படி மாறுதுன்னு கேட்டா ஒரே வரியில பதில் கிடையாது. ஒண்ணு குறையுது, ஒண்ணு கிட்டத்தட்ட அப்படியே நிக்குது, இன்னொண்ணு ரத்தத்துல ஏறினாலும் இங்க அந்த அளவுக்கு ஏற மாட்டேங்குது. ஏன் இப்படின்னு புரிஞ்சுக்கிட்டா, அடுத்த தடவை "மூளை திரவத்தில் ஹார்மோன் குறைவு"ன்னு ஒரு செய்தியைப் பார்த்தா அதை எப்படிப் படிக்கணும்னு நமக்கே தெரிஞ்சிடும்.

முதல்ல திரவத்தைப் பத்தி கொஞ்சம். மூளைக்குள்ள வென்ட்ரிக்கிள்னு நாலு அறைங்க இருக்கு, அதுக்குள்ள கோராய்டு பிளெக்சஸ்னு கொத்துக் கொத்தா ஒரு திசு இருக்கு, அதுதான் ரத்தத்துல இருந்து தண்ணியையும் உப்பையும் எடுத்து இந்த திரவத்தோட பெரும்பகுதியை சுரக்குது. பெரியவங்களுக்கு எந்த நேரத்துலயும் சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு சுரக்கிறது சுமார் 500 மில்லி, அப்படின்னா தினமும் மூணு தடவைக்கு மேல முழுசா மாறுது. மூளைக்குள்ள இருந்து வெளிய வந்து, மூளையோட மேற்பரப்பையும் முதுகுத்தண்டையும் சுத்திட்டு, கடைசியில ரத்தத்துலயும் நிணநீர்க் குழாய்கள்லயும் போய்ச் சேருது. பார்க்க சுத்தமான பச்சைத்தண்ணி மாதிரியே இருக்கும், அவ்வளவு தெளிவு.

பெப்டைட்னா அமினோ அமிலங்கள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்த சின்ன சங்கிலி. ஆக்சிடோசின்ல 9 தான் இருக்கு, சொமாட்டோஸ்டாட்டின்ல 14, ஒரெக்சின்-ஏ 33, இன்சுலின் 51. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான், கார்ட்டிசால் எல்லாம் வேற வகை, அதுங்க கொழுப்புல கரையும், செல்லோட சவ்வைத் தாண்டி சுலபமா உள்ள போயிடும். பெப்டைட் அப்படிப் போகாது, தண்ணியில கரையும், கொழுப்புச் சவ்வு அதுக்கு சுவர். இந்த ஒரு வித்தியாசம்தான் மொத்த விஷயத்துக்கும் அடிப்படை. ரத்தத்துல ஒரு பெப்டைட் ஏகப்பட்டது இருக்குன்னா மூளைக்கும் அவ்வளவு போய்ச் சேருதுன்னு எடுத்துக்க முடியாது.

அப்போ சிஎஸ்எஃப்ல இருக்கிற பெப்டைட் எங்கிருந்து வருது? சிலது மூளையே செஞ்சு விடுறது, ஒரெக்சின் அப்படித்தான், மூளையோட அடியில ஹைப்போதலமஸ்ங்கிற பகுதியில இருக்கிற சில பத்தாயிரம் நரம்பு செல்லுங்கதான் அதை செய்யுது. சிலது ரத்தத்துல இருந்து, அதுக்குன்னே இருக்கிற ரிசெப்டர் (செல்லோட மேல இருந்து அந்த ஹார்மோனைப் பிடிச்சுக்கிற புரோட்டீன்) பிடிச்சு, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பைத் தாண்டி இறக்கி விடுறது, இன்சுலின் பெரும்பாலும் இந்த வழிதான், லெப்டினும் ரத்தத்துல இருந்து இப்படி ஏத்திக்கிட்டு வரப்படுறதுதான். இன்னும் கொஞ்சம் தடுப்பு லேசா கசியுற வழியா தானா உள்ள வர்றது. ஒரே ஹார்மோனுக்கு ரெண்டு வழியும் இருக்கலாம்.

வீட்டு மாடியில இருக்கிற தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. மட்டம் பாதியில நிக்குதுன்னா மோட்டார் சரியா ஏத்தலையா, இல்ல கீழ குழாயைத் திறந்து விட்டுட்டாங்களா, மட்டத்தை மட்டும் பார்த்து சொல்ல முடியாது. மோட்டாரும் மெதுவா ஓடி, குழாயும் அடைச்சுக்கிட்டா மட்டம் பழையபடி அப்படியே நிக்கும், நாம ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சுப்போம். சிஎஸ்எஃப் ஹார்மோன் அளவும் இப்படித்தான், அது வர்றதும் போறதும் சேர்ந்து வர்ற ஒரு நம்பர், வயசாகும்போது ரெண்டு பக்கமும் மாறுது.

வெளிய போற பக்கத்தை முதல்ல பார்ப்போம், ஏன்னா இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. 1990-ல வந்த ஒரு ஆய்வுல இளவயசுக்காரங்களுக்கு நிமிஷத்துக்கு 0.4 மில்லி சொச்சம் சுரந்த திரவம் வயசானவங்களுக்கு 0.2-க்குப் பக்கத்துல இருந்துச்சு, கிட்டத்தட்ட பாதி. இன்னொரு பக்கம், வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குது, அந்த காலி இடத்தை இந்த திரவம்தான் நிரப்பும், அதனால மொத்த அளவு கூடுது. சுரக்கிறது குறைச்சல், இருக்கிறது ஜாஸ்தின்னா என்ன அர்த்தம், மாத்தி விடுற வேகம் நல்லாவே குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், திரவத்துல விழுந்த எதுவும் முன்னைவிட ரொம்ப நேரம் அங்கேயே கிடக்கும்.

இதை நேரடியா அளந்து காட்டினது அமிலாய்டு பீட்டாங்கிற பெப்டைட்ல. இது ஹார்மோன் இல்ல, அல்சைமர்ஸ் நோயில மூளையில கட்டியா படியுதே அது, ஆனா இதே திரவத்துல இருக்கிற பெப்டைட்தான், அதனால நமக்கு உதவும். 2015-ல வந்த ஆய்வுல, இருக்கிற அளவுல பாதி வெளியேற முப்பது வயசுல 3.8 மணி நேரம் ஆனது எண்பது வயசுல 9.4 மணி நேரம் ஆச்சுன்னு கணக்கு போட்டாங்க. ரெண்டரை மடங்கு! இந்த அளவுக்கு வடிகால் மந்தமானா, ஒரு ஹார்மோனை மூளை பாதிதான் செஞ்சாலும் டெஸ்ட்ல அளவு நார்மலா காட்டலாம். என்னைக் கேட்டா இந்தத் தலைப்புல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதைத்தான் வச்சுக்கணும், அளவு மாறலைங்கிறதால உற்பத்தியும் மாறலைன்னு ஆயிடாது.

இதே அமிலாய்டு இன்னொரு விஷயத்தையும் காட்டுது. அல்சைமர்ஸ் வந்தவங்களுக்கு முதுகுத் தண்ணியில அமிலாய்டு பீட்டா 42-ங்கிற வகை குறைவா இருக்கும், மூளையில நிறைய படிஞ்சிருக்கும்போது தண்ணியில எப்படி குறையும்னு முதல்ல குழப்பமா இருக்கும். படிஞ்சு கட்டியாகிப் போனதாலதான் திரவத்துக்கு வர்றது குறையுது. அதனால "குறைஞ்சிருக்கு"ன்னா உடம்புலயே இல்லைன்னு எடுத்துக்கக் கூடாது.

உள்ள வர்ற பக்கத்துல தடுப்பும் மாறுது. ஆல்புமின்கிற புரோட்டீனை கல்லீரல்தான் செய்யுது, மூளை செய்யாது, அதனால சிஎஸ்எஃப்ல எவ்வளவு ஆல்புமின், ரத்தத்துல எவ்வளவுன்னு ஒரு விகிதம் போட்டா தடுப்பு எப்படி இருக்குன்னு ஒரு அந்தாஜ் கிடைக்கும். அந்த விகிதம் வயசோட ஏறுது. கசிவு கூடிடுச்சுன்னும் சொல்லலாம், திரவம் மெதுவா ஓடுறதால வந்தது தேங்குதுன்னும் சொல்லலாம், ரெண்டுமே சேர்ந்துதான் இருக்கணும். வயசுன்னா முதுமை மட்டும் இல்ல, பிறந்த குழந்தைக்கு எடுத்துப் பார்த்தா புரோட்டீன் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியும் இருக்கும், அது அவங்களுக்கு சாதாரணம், சில மாசத்துல மளமளன்னு இறங்கி பெரியவங்களோட 15-லிருந்து 45-ங்கிற இடத்துக்கு வந்துடும், அப்புறம் வயசான காலத்துல மறுபடி மெல்ல ஏறும்.

இப்போ இன்சுலினுக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா சுகர் இல்லாத வீடே இல்லைங்கிற மாதிரி ஆயிடுச்சு. இன்சுலின்னா சர்க்கரையை இறக்குறதுன்னு மட்டும்தான் நமக்குத் தெரியும், ஆனா மூளையிலயும் அதுக்கு ரிசெப்டர் இருக்கு, பசி, ஞாபகசக்தி ரெண்டுலயும் அதுக்கு பங்கு இருக்கு. கணையத்துல சுரந்து ரத்தத்துல வர்ற இன்சுலினை மூளையோட ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற ரிசெப்டருங்க பிடிச்சு உள்ள அனுப்புது. இதுக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கு, ரிசெப்டர் எல்லாம் நிரம்பிட்டா ரத்தத்துல இன்னும் எவ்வளவு ஏறினாலும் உள்ள போறது அதுக்குத் தகுந்தபடி ஏறாது. சாப்பிட்ட உடனே ரத்தத்துல இன்சுலின் சட்டுன்னு ஏறும், சிஎஸ்எஃப்ல லேட்டாதான் ஏறும், அதுவும் கொஞ்சமாத்தான், எப்பவுமே ரத்தத்துல இருக்கிறதைவிட ரொம்ப குறைவாத்தான் இருக்கும்.

வயசாகும்போது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேட்காத நிலை, வந்து நிறைய பேருக்கு ரத்தத்துல இன்சுலின் கூடத்தான் செய்யுது. அப்போ மூளைக்கும் கூடணும்ல? அங்கதான் தலைகீழா போகுது. 2015-ல ஜெர்மனியில இருந்து வந்த ஒரு ஆய்வுல, ரத்த இன்சுலினோட ஒப்பிட்டு சிஎஸ்எஃப் இன்சுலின் எவ்வளவுன்னு பார்த்தப்போ அந்த விகிதம் வயசோட இறங்குது. தடுப்பைத் தாண்டி ஏத்திக்கிட்டு வர்ற வேலை மந்தமாகுதுன்னு அதுக்கு அர்த்தம் பண்ணாங்க. அதுக்கு முன்னாடியே 1998-ல அமெரிக்காவுல செஞ்ச ஒரு ஆய்வுல அல்சைமர்ஸ் நோயாளிங்களுக்கு ரத்தத்துல இன்சுலின் கூடுதலாவும் சிஎஸ்எஃப்ல குறைவாவும் இருந்துச்சு, பின்னால வந்த ஆய்வுங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லலை, ஆனா அந்த யோசனை நின்னுடுச்சு, மூளைக்கு இன்சுலின் போகலைன்னா மூக்கு வழியா நேரா கொடுத்துப் பார்க்கலாமேன்னு. ஞாபகமறதி ஆரம்பிச்சவங்க, அல்சைமர்ஸ் லேசா இருக்கிறவங்கன்னு 289 பேரை வச்சு செஞ்ச பெரிய சோதனை 2020-ல வெளிவந்துச்சு, முக்கியமா பார்க்க நினைச்ச அளவுகோல்ல பலன் தெரியலை. மூக்குல அடிக்கிற கருவியை நடுவுல மாத்த வேண்டியும் வந்துச்சு, அதனால இது முடிஞ்ச கதைன்னும் சொல்லிட முடியாது. ஒரு அளவு குறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்கும் அதை நிரப்பினா நோய் சரியாகும்ங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு இதுல நல்லா தெரியுது.

லெப்டினும் இதே ரகம்தான். கொழுப்பு செல்லுங்க சுரக்கிற ஹார்மோன், "போதும், வயிறு நிறைஞ்சாச்சு"ன்னு மூளைக்கு சொல்றது, 1994-ல கண்டுபிடிச்சாங்க. ரெண்டே வருஷத்துல, 1996-ல, உடல் பருமன் உள்ளவங்களுக்கு ரத்தத்துல லெப்டின் மூணு மடங்குக்கு மேல கூடியிருந்தும் சிஎஸ்எஃப்ல 30 சதவீதம் மட்டும்தான் கூடியிருந்துச்சுன்னு காட்டினாங்க. வயசாக ஆக தசை குறைஞ்சு கொழுப்பு கூடுறது சகஜம், அதனால லெப்டின் அளவை வயசோட ஒப்பிடும்போது எடையைக் கணக்குல எடுக்காத ஆய்வை நான் நம்ப மாட்டேன், அதுல வயசோட வேலை எது, கொழுப்போட வேலை எதுன்னு பிரிக்கவே முடியாது.

இப்போ நேர் எதிரான கேஸ், ஒரெக்சின். இதுக்கு ஹைப்போகிரெட்டின்னும் ஒரு பேர் உண்டு, 1998-ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சதால ரெண்டு பேர் நின்னுடுச்சு. நம்மளை முழிச்சிருக்க வைக்கிறது இது. 2000-ல 9 நார்கொலெப்சி நோயாளிங்களுக்கு முதுகுத் தண்ணி எடுத்துப் பார்த்தா 7 பேருக்கு ஒரெக்சின் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கூட இல்லை. நார்கொலெப்சின்னா பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கி விழுறது, சிரிச்சா கால் தொய்ஞ்சு போறது, இதெல்லாம் சோம்பேறித்தனம்னு திட்டு வாங்கியே வருஷங்களைக் கழிச்சவங்க எத்தனையோ பேர், அவங்களுக்கு இந்த நம்பர் எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு மில்லிக்கு 110 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா நோய் உறுதின்னு எடுத்துக்கிறாங்க, 200-க்கு மேல நார்மல். ஒரு பிகோகிராம்னா ஒரு கிராமை லட்சம் கோடியா பிரிச்சதுல ஒண்ணு.

ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு இந்த ஒரெக்சின் வயசால பெருசா மாறுறது இல்லை, இளவயசுக்கும் முதுமைக்கும் ஒரே 110-ஐ வச்சே ஓட்ட முடியுது. ஆனா வயசானா தூக்கம் கெடுதே, ராத்திரி நாலு தடவை முழிப்பு வருதே? 2022-ல எலிகள்ல செஞ்ச ஆய்வு இதுக்கு ஒரு நல்ல துப்பு கொடுத்துச்சு. வயசான எலிகள்ல ஒரெக்சின் செல்லுங்க சுமார் 38 சதவீதம் குறைஞ்சு போச்சு, ஆனா மிச்சம் இருந்த செல்லுங்க தொட்டதுக்கெல்லாம் கிளம்புற அளவுக்கு உசுப்பேறிக் கிடந்துச்சு, அதனால தூக்கம் துண்டு துண்டா உடைஞ்சுது. செல் குறைவு, இருக்கிற செல்லுக்கு வேலை ஜாஸ்தின்னா திரவத்துல அளவு பழையபடியே தெரியலாம். எலிதான், மனுஷனுக்கு அப்படியே பொருத்திட முடியாது, இருந்தாலும் அளவுக்கும் நிஜமா நடக்கிறதுக்கும் உள்ள இடைவெளியை இது நல்லா காட்டுது.

மத்ததை சுருக்கமா சொல்லிடுறேன். மத்த ஹார்மோன்களை அடக்கி வைக்கிற சொமாட்டோஸ்டாட்டின் அல்சைமர்ஸ்ல சிஎஸ்எஃப்ல குறையுதுன்னு 1980-கள்ல இருந்தே திரும்பத் திரும்ப பார்த்திருக்காங்க. கிளாத்தோன்னு ஒண்ணு இருக்கு, இது பெரிய புரோட்டீன், கறாரா பார்த்தா பெப்டைட் பட்டியல்ல வராது, ஆனா கோராய்டு பிளெக்சஸே இதை செய்யுது. 1997-ல ஜப்பான்ல இது இல்லாத எலிங்க சீக்கிரமே கிழடாகிப் போறதைப் பார்த்துதான் இதைக் கண்டுபிடிச்சாங்க, 2014-ல வந்த ஆய்வுல மனுஷங்களோட சிஎஸ்எஃப்லயும் இளவயசுக்காரங்களைவிட வயசானவங்களுக்கு இது குறைவு, அல்சைமர்ஸ் இருந்தா இன்னும் குறைவு. பாசத்தோட சேர்த்துப் பேசப்படுற ஆக்சிடோசின் கொஞ்சம் தொல்லை பிடிச்சது, தடுப்பைத் தாண்டி போறது ரொம்ப சொற்பம், குரங்குகள்ல சிஎஸ்எஃப் ஆக்சிடோசின் பகல்ல ஏறி ராத்திரி இறங்குது, அதே நேரத்துல ரத்தத்துல அந்த ஏத்த இறக்கமே இல்லை, அதனால ரத்தத்துல ஆக்சிடோசின் பார்த்துட்டு மூளையில பாசம் குறைஞ்சிடுச்சுன்னு சொல்ற பேச்சை எல்லாம் காதுலயே போட்டுக்காதீங்க.

இவ்வளவு சின்ன அளவை எப்படி அளக்கிறாங்கன்னா, அதுக்கு வழி போட்டவங்க நியூயார்க்ல வேலை பார்த்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1950-கள் கடைசியில ரேடியோ இம்யூனோ அஸ்ஸேன்னு, கதிரியக்கத்தையும் ஆன்டிபாடியையும் வச்சு அளக்கிற ஒரு முறையைக் கண்டுபிடிச்சாங்க, முதல்ல அளந்ததே இன்சுலினைத்தான். யாலோவுக்கு 1977-ல நோபல் பரிசு கிடைச்சுது, பெர்சன் அதுக்கு 5 வருஷம் முன்னாடியே இறந்துட்டார்.

சாம்பிள் எடுக்கிற விதத்துலயே நம்பர் மாறிடும், இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முழங்காலை நெஞ்சோட மடக்கச் சொல்லி, ரெண்டு இடுப்பு எலும்போட மேல் விளிம்பையும் சேர்த்து கோடு போட்டாப்ல ஒரு இடத்தைப் பார்த்து, மூணாவது நாலாவது இடுப்பு முள்ளெலும்புக்கு நடுவுல ஊசி விடுவாங்க. தண்டுவடம் அதுக்கு மேலேயே முடிஞ்சிடும், அதனால ஊசி அதுல குத்திடுமோன்னு பயப்பட வேண்டியதில்லை, 1891-ல ஹைன்ரிச் குயின்கே அறிமுகப்படுத்தின முறைதான் இன்னைக்கும். ஊசி உள்ள போனதும் சொட்டு சொட்டா விழும், குழாய் குழாயா பிடிப்பாங்க. முதல் குழாய்ல வர்றது இடுப்புப் பக்கம் இருந்தது, கடைசியில வர்றது அதுக்கு மேல இருந்து இறங்கி வந்தது, மூளையில இருந்து வர்ற பொருள் ஒண்ணா இருந்தா ரெண்டு குழாய்லயும் அளவு வேறயா இருக்கும். அப்புறம் பெப்டைட்டுங்க குழாய் சுவர்லயே ஒட்டிக்கும், அதனால எந்த பிளாஸ்டிக்குன்னு பார்க்கணும், உடனே ஐஸ்ல வைக்கணும், மைனஸ் 80 டிகிரியில உறைய வைக்கணும், உறைஞ்சதை உருக்கி மறுபடி உறைய வச்சா அளவு கெட்டுப் போகும். காலையில எடுத்ததா சாயங்காலம் எடுத்ததாங்கிறது வேற.

இதைவிட பெரிய சிக்கல், ஆரோக்கியமான ஆள் யார் வந்து முதுகைக் காட்டுவாங்க? நிறைய ஆய்வுங்கள்ல "நார்மல்" சாம்பிள் வர்றது, ஏதோ ஆபரேஷனுக்கு முதுகுல மயக்க ஊசி போடும்போது கேட்டு வாங்கின சில மில்லிதான். இளவயசுன்னா சிசேரியன்னு வந்தவங்க, வயசானா மூட்டு ஆபரேஷன், புரோஸ்டேட் ஆபரேஷன்னு வந்தவங்க. ஒரு பக்கம் கர்ப்பிணி, இன்னொரு பக்கம் மூட்டுவலிக்கு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்ட தாத்தா, ரெண்டு பேரையும் ஒப்பிட்டு "வயசால வந்த வித்தியாசம்"னு சொன்னா எப்படி ஏத்துக்கிறது. அதுவும் போக பெரும்பாலான ஆய்வுங்க முப்பது வயசுக்காரரையும் எழுபது வயசுக்காரரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கிறதுதான், ஒரே ஆளை நாற்பது வருஷம் தொடர்ந்து பார்த்தது இல்லை. ரத்தமும் முதுகுத் தண்ணியும் ஒரே நேரத்துல எடுத்தாங்களா, எடையையும் சுகரையும் கணக்குல சேர்த்தாங்களா, எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு செய்தியில இருந்தா நம்பிப் படிக்கலாம், இல்லைன்னா தலைப்பைப் பார்த்துட்டு நகர்ந்துடலாம்.

"அப்போ என் மூளைக்கு வயசாயிடுச்சான்னு பார்க்க நானும் முதுகுல தண்ணி எடுத்து ஹார்மோன் டெஸ்ட் பண்ணிக்கலாமா?"ன்னு கேட்டா, வேண்டாம், அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாது. இன்னிக்கு நோயைக் கண்டுபிடிக்க உண்மையிலேயே பயன்படுற சிஎஸ்எஃப் ஹார்மோன் டெஸ்ட் விரல் விட்டு எண்ணிடலாம், நார்கொலெப்சிக்கு ஒரெக்சின், மூளையில வர்ற சில ஜெர்ம் செல் கட்டிகளுக்கு (கருமுட்டை, விந்தணு ஆகிற வகை செல்லுல இருந்து வர்ற கட்டி) எச்சிஜிங்கிற கர்ப்பகால ஹார்மோன், அல்சைமர்ஸுக்கு பார்க்கிற அமிலாய்டும் டாவுங்கிற புரோட்டீனும் ஹார்மோன் கணக்குல வராது. ஜுரம், கழுத்து இறுக்கம்னு மூளைக் காய்ச்சல் சந்தேகத்துல டாக்டர் முதுகுல தண்ணி எடுக்கணும்னு சொன்னா மட்டும் தயங்காதீங்க. எடுத்தப்புறம் சிலருக்கு ரெண்டு மூணு நாள், எழுந்து உட்கார்ந்தா தலைவலி வரும், படுத்தா குறையும், அது பெரும்பாலும் தானா சரியாயிடும், போகலைன்னா எடுத்த டாக்டர்கிட்டயே சொல்லணும்.